மோதிர விரல் மரத்துப்போன கதை

படப்பை சிக்னலில் ஒருநாள் காலை கிளட்ச்சைப் பிடித்தபடி நின்றிருந்தேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துத்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு மரத்துப்போயிருந்தன. கையை உதறினேன். பக்கத்து ஷேர் ஆட்டோவில் இருந்த ஒரு அம்மா, நான் அவருக்குக் கையசைப்பதாக நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அப்போது என்னிடம் இருந்தது முழு ஃபேரிங் (காற்றைக் கிழிக்க என்ஜினையும் முன்பக்கத்தையும் மூடும் கூடு) போட்ட, சிவப்பு நிற, பார்த்தவர்கள் திரும்பிப் பார்க்கும் ஒரு வண்டி. பெயர் வேண்டாம். அது நல்ல வண்டி. தாம்பரத்தில் வீடு, ஒரகடத்தில் வேலை, நடுவில் முடிச்சூர், படப்பை என்று 28 கிலோமீட்டர். அந்த வண்டியில் இதைப் போகவர மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். முதல் ஆறு மாதம் வலி தெரியவில்லை. ஆசை தீரும்வரை உடம்பு எதையும் சொல்லாது போலிருக்கிறது.

மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "கணினியில் நிறைய வேலையா?" என்றுதான். இல்லை என்றதும் வண்டியைப் பற்றிக் கேட்டார். கைப்பேசியில் படம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அழகாகத்தான் இருக்கிறது" என்றார். பிறகு என் உள்ளங்கையில் சுண்டு விரலுக்குக் கீழே உள்ள மேட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். சுரீர் என்றது. அந்த இடத்தின் வழியாக ஓடுவது அல்நர் நரம்பு. சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி அதன் வழியாகத்தான் போகிறது. ஹேண்டில்பாரில் அந்த மேட்டை ஊன்றி, மேல் உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கி, போதாததற்கு என்ஜினின் அதிர்வையும் சேர்த்துக் கொடுத்தால் நரம்பு எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ளும்?

சாதாரண வண்டியில் ஹேண்டில்பார் ஒரே குழாயாக, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் இணைக்கும் மேல் தட்டின் மீது உட்கார்ந்திருக்கும். பந்தய வண்டியின் வழியில் வந்தவற்றில் அது இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபோர்க் காலைத் தனியாகக் கவ்விக்கொண்டிருக்கும். இதற்குப் பெயர் கிளிப்-ஆன். இந்தக் கவ்வல் மேல் தட்டுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதில்தான் என் விரல்களின் தலையெழுத்தே இருந்தது என்பதை மிகவும் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். கீழே என்றால் கை தாழ்கிறது, தோள் தாழ்கிறது, பாரம் முழுவதும் மணிக்கட்டுக்கு வருகிறது. அதே வண்டியில் அதை இரண்டு அங்குலம் உயர்த்தி மேலே வைத்தால் வேறு வண்டியாகிவிடுகிறது.

அப்படியானால் இதை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாதா என்ற கேள்வி எனக்கும் வந்தது. அதற்கான விடை இருங்காட்டுக்கோட்டையில் கிடைத்தது.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பந்தயத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சென்னையில் பந்தயம் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வண்டிகளை விரட்டுவார்கள். என் சித்தப்பா அங்கே போய் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்த கதையை இன்றும் முதல்முறை சொல்வதுபோலச் சொல்வார். அவரிடம் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டி இருந்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நண்பர் ஒருவர் வற்புறுத்தி என்னை ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு அந்தத் தடத்துக்கு அழைத்துப் போனார். வலி மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிட ஓட்டம். முதல் ஓட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் கை வலிக்கவே இல்லை என்பது உறைத்தது. நேர்த்தடத்தில் வேகம் 100-ஐத் தாண்டியதும் எதிர்க்காற்று நெஞ்சைப் பிடித்துத் தூக்குகிறது. தலையணைமேல் சாய்ந்ததுபோல உடம்பு காற்றின்மீது படுத்துக்கொள்கிறது. மணிக்கட்டில் பாரமே இல்லை. பிரேக் பிடிக்கும்போது முழங்கால்கள் டேங்கை இறுக்கிக்கொள்கின்றன, பாரம் தொடைக்குப் போய்விடுகிறது. பின்னுக்குத் தள்ளி உயரமாக வைத்திருந்த ஃபுட்ரெஸ்ட் எதற்கென்று வளைவில் சாய்ந்தபோதுதான் விளங்கியது. தாழ்வாக இருந்திருந்தால் தரையில் உரசியிருக்கும்.

காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருபடியாகக் கூடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் நெஞ்சில் படுவதைவிட 120-இல் படுவது 16 மடங்கு. என்னைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய அந்தப் பதினாறில் ஒரு பங்கைத்தான் படப்பை சாலை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மிச்சத்தை என் மணிக்கட்டு தன் கைக்காசிலிருந்து போட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வண்டிக்கும் அது சுகமாக இருக்கும் ஒரு வேகம் உண்டு. தன் நாளில் எத்தனை மணி நேரம் அந்த வேகத்தில் கழிகிறது என்று வாங்குகிறவர் எண்ணிப்பார்த்தால் போதும். என்னைப் போன்ற பலர் அதை எண்ணுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி வாங்கிவிட்டுத் திங்கள் முதல் சனி வரை அதை ஓட்டுகிறோம்.

ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன். அலுவலகம் போகவர ஒரு நாளைக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம். இருபத்து நான்கு வேலை நாட்கள். கூட்டினால் 44 மணி நேரம். ஞாயிறு அதிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவது, நான்கு வாரமும் சேர்த்து எட்டு மணி நேரம். மலைப்பயணம் மூன்று மாதத்துக்கு ஒன்று. அந்த 44 மணி நேரத்தில் நான்காவது கியரைத் தாண்டிய நேரம் எவ்வளவு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நான்கு வழிச் சாலையிலேயே இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் 80 கிலோமீட்டர்தான். நான் வாங்கிவைத்திருந்ததோ அந்த 80-இல் தூங்கிவழியும் வண்டி.

இப்போது சித்தப்பாவின் ஆர்எக்ஸ் 100. 1985-இல் வந்து 1996 வரை தயாரானது. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின், 11 குதிரைத்திறன். கேட்டால் இன்றைய கல்லூரிப் பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் வண்டியின் எடை ஏறக்குறைய 100 கிலோதான். நிமிர்ந்து உட்காரலாம். சீட்டு பலகைபோல நீளம். முறுக்கினால் அடுத்த நொடி முன்சக்கரம் லேசாகும். அதை யாரும் ஸ்போர்ட்ஸ் வண்டி என்று விற்கவில்லை, ஃபேரிங் கிடையாது, கிளிப்-ஆன் கிடையாது. இருந்தும் இந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கு வேகம் என்றால் அதுதான். பிக்கப்புக்கும் முதுகுக்கும் சண்டை வந்தே தீரும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வரும்.

சித்தப்பா ஒன்று சொல்வார்: "எவ்வளவு வேகம் போகும் என்று கேட்காதே, எங்கே இழுக்கும் என்று கேள்." விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது குதிரைத்திறன். அது பெரும்பாலும் 9,000, 10,000 ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுற்றும்போது, கிடைக்கும் எண். ஊருக்குள் நாம் இருப்பது 3,500-க்கும் 5,500-க்கும் நடுவில். அங்கே வேலை செய்வது டார்க் எனப்படும் இழுவை. யமஹா ஆர்15-இன் நான்காம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 155 சிசியில் 18.4 குதிரைத்திறனைக் கறந்திருக்கிறார்கள், பொறியியல் என்ற வகையில் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்த முழு எண் வருவது 10,000 ஆர்பிஎம்மில். மறுகோடியில் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர் இழுவை. அந்த இழுவையில் பெரும்பகுதி 2,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது. இந்தப் பக்கம் எடை 200 கிலோவுக்கு மேல். காலை எட்டரை மணிக்கு முடிச்சூர் சாலையில் இரண்டு லாரிகளுக்கு நடுவே அதை உருட்டிப்பார்த்தால் 52 நியூட்டன் மீட்டர் மறந்துபோகும்.

இங்கே ஒரு தவறான முடிவுக்கும் வந்தேன். குனிந்தால்தானே வலி, நிமிர்ந்தே உட்கார்ந்துவிடலாம் என்று. மைத்துனரின் குரூஸர் வகை வண்டியைக் கடன்வாங்கித் திருவண்ணாமலை போனேன். காலை முன்னால் நீட்டி, கையை அகல விரித்து, ஜமீன்தார்போல உட்காரும் வண்டி. செங்கல்பட்டுவரை சொர்க்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளமும் தண்டுவடத்தின் அடியில் ஆரம்பித்து உச்சந்தலைவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. கால் முன்னால் இருப்பதால் எழுந்து நின்று அதிர்ச்சியைத் தாங்கவும் வழியில்லை. நிமிர்ந்து உட்காரும்போது இடுப்புக்கு மேலுள்ள எடை பெரும்பாலும் இடுப்பின் அடிப்பகுதியின்மீதுதான். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கால் உடம்புக்கு நேர் கீழே அல்லது சற்றுப் பின்னால் இருக்கும்போதுதான் பாரம் சீட்டு, கால், கை என்று மூன்றாகப் பிரிகிறது. ஆக எனக்கு வேண்டியது நாற்காலியில்லை. குனிவில் ஒரு மிதம்.

அந்த மிதத்தை எப்படி அளப்பது? நான் தையற்காரரின் டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூம்களுக்குப் போனேன். விற்பனைப் பையன்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சீட்டிலிருந்து கைப்பிடிக்கு, சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்டுக்கு, கைப்பிடியின் உயரம் சீட்டைவிட எவ்வளவு மேலே என்று மூன்று அளவு. எல்லாவற்றையும் வீட்டில் வைத்து ஒப்பிட்டேன். உண்மையில் அதைவிடப் பயன்பட்டது வேறு ஒன்று. நின்ற வண்டியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கை கைப்பிடியில், பார்வை முன்னால். முதல் ஐந்து நிமிடம் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். எட்டாவது நிமிடத்தில் கழுத்து பேச ஆரம்பிக்கும், பன்னிரண்டில் மணிக்கட்டு. சிக்னலில் நிற்கும் வண்டிக்கும் ஷோரூமில் நிற்கும் வண்டிக்கும் எதிர்க்காற்று ஒன்றுதான் என்பதால் இந்தச் சோதனை ஊர் ஓட்டத்தை ஏமாற்றாமல் காட்டிவிடுகிறது. ஒரு கடையில் பத்து நிமிடத்திலேயே, "சார், வாங்குவதாக இருந்தால் உட்காருங்கள்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். டெஸ்ட் ரைடு என்று அவர்கள் கொடுத்தது தெருமுனை வரை போய்த் திரும்புவது. பக்கத்தில் டீக்கடைக்குப் போய்வந்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

பட்டியலில் கேடிஎம் ஆர்சி 390-உம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை, மனம் அங்கேதான் நின்றது. 373 சிசி, 43 குதிரைத்திறனுக்கு மேல், 172 கிலோ, சீட்டு உயரம் 824 மில்லிமீட்டர். எடைக்கும் சக்திக்குமான கணக்கில் நான் பார்த்தவற்றில் அதற்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை. இருபது வயதில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது, வண்டியோடு போயிருப்பேன். இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வீடு இருந்திருந்தாலும் அதையே வாங்கியிருப்பேன்.

கடைசியில் மூன்று நின்றன. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. 2017 டிசம்பரில் வந்தபோது 34 குதிரைத்திறன். 2020-இல் ஓட்டும் முறைகளைச் சேர்த்தார்கள், மழை முறையிலும் நகர முறையிலும் சக்தியைக் கொஞ்சம் அடக்கித் தருகிறது. இரண்டாவது சுஸுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250. 26.5 குதிரைத்திறன், 161 கிலோ, 800 மில்லிமீட்டர் சீட்டு. பார்வைக்குப் பந்தய வண்டி, கிளிப்-ஆனோ மேல் தட்டுக்கு மேலே. மூன்றாவது 2023-இல் புதிதாக வந்த ஹீரோ கரிஸ்மா எக்ஸ்எம்ஆர். 210 சிசி, 25.5 குதிரைத்திறன், அதிலும் கைப்பிடி உயரம். 2003-இல் வந்த பழைய கரிஸ்மாவைப் பள்ளிக்கூட வாசலில் நின்று வாய்பிளந்து பார்த்தவன் என்பதால் அதற்கு மட்டும் மனதில் ஐந்து மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன். நியாயமில்லைதான்.

இந்த மூன்றில் ஒன்று இன்று என் வீட்டு வாசலில் நிற்கிறது. எது என்று எழுதினால் இது விளம்பரமாகிவிடும். போதாததற்கு மற்ற இரண்டின் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. ஏமாந்துவிட்டோமோ என்ற பயத்தோடு படப்பையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "தம்பி, காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்றார். பெட்ரோல் பங்கில் வைத்தது என்றேன். தன் மீட்டரை எடுத்து அளந்து காட்டினார். இரண்டு சக்கரத்திலும் அளவுக்கு மேல். இறக்கினார். பிறகு முன் ஃபோர்க்கின் வழவழப்பான குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டிக் கீழே இருந்த ரப்பர் சீல்வரை தள்ளிவிட்டார். "உட்காருங்கள். இப்போது மெதுவாக இறங்குங்கள்." டை மேலே ஏறி நின்றிருந்தது. சீலுக்கும் டைக்கும் இடையே எவ்வளவு என்று எனக்குக் கண்ணால் பார்த்தால் தெரியவில்லை, அவர் ஸ்கேல் வைத்தார். மொத்த அசைவு 120 மில்லிமீட்டர் என்றால் ஆள் ஏறியதும் 30 முதல் 40 வரை அமுங்க வேண்டுமாம். முன்பக்கம் சரி. பின்பக்கத்தைத் தூக்கிப்பிடித்து டேப்பால் அளந்தபோது அது பாதிகூட அமுங்கவில்லை. கொக்கி வடிவ ஸ்பேனரால் ஷாக் அப்சார்பரின் வளையத்தை இரண்டு படி இறக்கிவிட்டார். இதனால் ஸ்பிரிங் மென்மையாகிவிடாது. வண்டி எந்த உயரத்தில் நின்று வேலை செய்கிறது என்பதுதான் மாறும். முன்பு பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் வண்டியே விழுந்துகொண்டிருந்தது. இப்போது சக்கரம் மட்டும் இறங்கி ஏறுகிறது. பாய் வாங்கிய காசு ஐம்பது ரூபாய். மூன்று மாதம் ஆராய்ச்சி செய்து நான் வாங்கிய சுகத்தில் பாதியை அந்த ஐம்பது ரூபாய்தான் கொடுத்தது.

பழைய வண்டியில் ஒருமுறை கொல்லிமலை போயிருந்தேன். ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகளும் திருவிழா. இறங்கும்போதுதான் வினை. இறக்கத்தில் உடம்பு தானாகவே முன்னால் சரியும், கிளிப்-ஆன் தாழ்வாக இருந்தால் மொத்த எடையும் உள்ளங்கையில். 70 என்று எழுதிய பலகையிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர, ஐந்து வளைவுக்கு ஒருமுறை ஓரங்கட்டிக் கையை உதறிக்கொண்டு அடிவாரத்தில் உள்ள காரவள்ளி வந்து சேர்ந்தேன். புது வண்டியில் அதே இறக்கத்தில் இரண்டு முறைதான் நின்றேன். ஒன்று டீக்கு, ஒன்று குரங்குக்கு. ஏற்றத்தில் பழைய வண்டியின் வெறி இதற்கு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வளைவின் வாயிலும் அது "இன்னும் கொடு" என்று கேட்கும். இது "பார்த்துப் போகலாமே" என்கிறது. சில நாட்களில் எனக்கு அந்தக் குரல் தேவைப்படுகிறது, கிடைப்பதில்லை.

விரல்கள் இப்போது சரி. மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

வாங்கும் முன்பு படத்தைக் காட்டியபோது மனைவி கேட்டாள், "இதில் நான் எங்கே உட்காருவது?" பின்னால்தான் சீட்டு இருக்கிறதே என்று விரலை வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாமல்லபுரம் போனோம். காற்று, கடல், வேகம் எல்லாம் அளவாக. நான் உற்சாகத்தில் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். இட்லி சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவள் நிதானமாகச் சொன்னாள்: "நீங்கள் வண்டியில் வாருங்கள். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

அன்று மாலை வாசலில் வண்டியின் முன்னால் மகனை நிறுத்திக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பின் சீட்டில் ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் கிட்டத்தட்ட நெஞ்சுக்கு வந்தன. பிடித்துக்கொள்ளக் கைக்கு எதுவும் அகப்படவில்லை. நாலாவது நிமிடத்தில், "அப்பா, இறங்கலாமா?" என்று மகன் கேட்டான். அவனுக்குக் கை வலித்திருக்க வேண்டும். கதவோரம் நின்றிருந்த மனைவி, "இன்னும் பதினாறு நிமிடம் இருக்கிறது" என்றாள்.